ம்

பீல் என்றும் பியன் என்றும்
நிலையப் பலகையில் இரண்டு பெயர் எழுதிய ஊர்.
சைக்கிள் திருத்தும் கடைக்கு மேலே
நாலு கதிரை, ஒரு கெட்டில்,
திரைக்குள் லுகானோவிலிருந்து நேவியோ.
வியாழன் இரவு ஏழரை.
செயலிக்குப் புதுப் பெயர் வேண்டும்.

பழைய பெயர் ஷ்முட்ஸ்.
அழுக்கு.
ஸ்கான் செய்த படங்களில் தூசிப் புள்ளி எடுக்க
மாணவனாய் இருந்தபோது ரேட்டோ எழுதியது,
பகிடிக்கு வைத்த பெயர்.
இருபத்திரண்டு வருடமாய் யாரும் காசு தந்ததில்லை,
நாங்கள் கேட்டதுமில்லை.
இப்போது பள்ளிக்கூடங்கள் சொல்கின்றன:
பிள்ளைகளின் கணினியில் அழுக்கை ஏற்ற மாட்டோம்.

மாயெல் பட்டியலோடு வந்தாள்.
முதலாவது ஜெர்மன் காதுக்குத் தும்மல்.
இரண்டாவது பிரெஞ்சில் ஏதோ பற்பசை.
மூன்றாவதை ஒரு வங்கி முன்பே வாங்கிவிட்டது.

எனக்குத் தந்த வேலை சின்னங்கள்.
பகலில் தொழிற்சாலையில்
கடிகார முட்களைப் பூதக்கண்ணாடியில் பார்க்கிறவள்,
இரவில் பதினாறு புள்ளிச் சதுரத்துக்குள்
ஒரு அழிறப்பரை உட்கார வைக்கிறேன்.
சேமிக்கும் பொத்தானில் இன்னும் ஃபிளாப்பி இருந்தது.
இது என்ன சலவை மெஷினா என்று
ரேட்டோவின் மகள் கேட்டாளாம்.
எடுத்துவிட்டோம்.
அந்த இடத்தில் என்ன வைப்பதென்று மூன்று வாரம் சண்டை.

சுருக்குக் கயிற்றை
இரண்டாம் மெனுவுக்குள் தள்ளச் சொன்னார்கள்.
யார் இப்போது கையால் வெட்டுகிறார்கள்?
ஒரு அமத்தலில் பின்னணி போய்விடுமே.

நான் வெட்டுகிறேன் என்றேன்.

இந்தப் பக்கத்தில் எங்கள் ஆட்கள் செத்தால்
இரவு பதினொன்றுக்கு எனக்குப் படம் வரும்,
கண்ணீர் அஞ்சலிக்கு. விடியமுன் வேண்டும்.
தனியாய் நின்று எடுத்த படம் ஒருவரிடமும் இருப்பதில்லை.
ஒரு கலியாண வீடு, இல்லையென்றால்
கேக்குக்குப் பின்னால் ஒன்பது பேர்.
அதில் ஒருவரைச் சுற்றிக் கயிறு போட்டு
காதோரம், முடியோரம், சால்வை விசிறிய ஓரம் என்று
மெல்ல இழுத்து வெளியே எடுக்கவேண்டும்.
தோளில் கிடக்கிற கை யாருடையதென்று
மெஷினுக்குத் தெரியாது.

புஷ்பகாந்தன் அண்ணையின் படத்தில்
நாலு விரல் மிஞ்சியது.
ஒன்றில் மோதிரம்.
சட்டைத் துணியைப் பிரதி எடுத்து எடுத்து
விரல்களுக்கு மேல் பூசினேன்.
கோடு போட்ட சட்டை.
கோட்டோடு கோடு பொருந்த மூன்று மணியாயிற்று.
மண்டபத்தில் அவர் மனைவி
முகத்தைப் பார்க்கவில்லை,
அந்தத் தோளையே பார்த்துக்கொண்டு நின்றா.
என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

இதையெல்லாம் அங்கே நான் சொல்லவில்லை.
கயிறு முன்னுக்கு இருக்கட்டும் என்றேன், அவ்வளவுதான்.
மூன்றுக்கு இரண்டு.
பேயாட் ஏன் கை தூக்கினான் என்று இன்றைக்கும் தெரியாது.

பிறகு மாயெல் என் பக்கம் திரும்பினாள்.
உன் மொழியில் ஏதாவது?
விளிம்பு என்றேன்.
லிம்போ மாதிரிக் கேட்கிறது,
நரகத்துக்கு முந்தின ஸ்டேஷன், வேண்டாம்.
ஓரம் என்றேன்.
பலகையில் எழுதித் தள்ளி நின்று பார்த்தார்கள்.
நல்லாய் இருக்கு, கடைசி எழுத்துத்தான்
வாயை மூடிவிடுகிறது என்றான் ரேட்டோ.
வெட்டினார்கள்.
ஓரா.
திரைக்குள் நேவியோ துள்ளினான்:
எங்கள் பாஷையில் அது ‘இப்போது’!
எல்லோரும் கை தட்டினார்கள்.
டொமைனும் மலிவாய்க் கிடைத்தது.
சரிதானே என்று என்னைக் கேட்டார்கள்.
ம், என்றேன்.

மார்ச்சில் வெளியிட்டோம். புது நிறம், புது வட்டம்,
இப்போது என்று பொருள் சொல்லும் ஒரு அறிவிப்பு.
உள்ளே கோப்புறைகளில் மட்டும்
பழைய பெயர் அப்படியே கிடக்கிறது.
மாற்றினால் ஒருவருடைய பழைய கோப்பும் திறக்காது,
கை வைக்காதே என்று
எப்போதோ ரேட்டோ எழுதிய குறிப்புக்குக் கீழே.

நேற்று இரவு பதினொன்றேகால். படம் வந்தது.
ஓராவைத் திறந்தேன்.
கயிறு இருந்த இடத்திலேயே இருந்தது.
அழிறப்பரைத்தான்,
நானே வரைந்ததைத்தான்,
கனநேரம் தேடினேன்.